நீண்ட ஒலிப்பதிவுகளைத் தரம் குறையாமல் சிறு பகுதிகளாகப் பிரிப்பது எப்படி?

செவிவழி எழுதியது:

வணக்கம்.

தொடர் விரிவுரைகளின் ஒலிப்பதிவுகள் என் பொறுப்பில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மூன்று மணி நேரத்திலிருந்து ஐந்து மணி நேரம் வரை நீளக்கூடியது. பெரும்பாலானவை எம்பி3 வடிவில் 128 கிலோபிட் வீதத்தில் உள்ளன. சில வேவ் கோப்புகளாகவே கிடைத்திருக்கின்றன. இவற்றைப் பிரிக்க வேண்டிய தேவை இரண்டு பக்கங்களிலிருந்து வருகிறது. கைபேசியில் கேட்பவர்கள், தாங்கள் தேடும் தலைப்பு ஐந்து மணி நேரத்துக்குள் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் திணறுகிறார்கள். அதோடு, இந்த உரைகளைக் கேட்டு எழுத்தாக்கும் வேலையைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. முழுக்கோப்பையும் எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, இன்ன நிமிடத்திலிருந்து இன்ன நிமிடம் வரை கேளுங்கள் என்று சொல்வது நடைமுறையில் சரிப்படவில்லை.

ஒலித்தொகுப்பு மென்பொருள் ஒன்றில் நான்கு மணி நேரக் கோப்பைத் திறந்தால் கணினி நெடுநேரம் அசைவற்று நிற்கிறது, வட்டில் பல ஜிகாபைட் இடம் குறைந்துவிடுகிறது. இருபது நிமிடத்துக்கு ஒரு துண்டு என்று கடிகாரக் கணக்கில் பிரித்தாலோ, ஒரு துண்டு பாதிச் சொல்லில் முடிந்து அடுத்தது மீதிச் சொல்லில் தொடங்குகிறது.

வெட்டிச் சேமிக்கும்போது எம்பி3 கோப்பின் தரம் குறையுமா, குறையும் என்றால் அதைத் தவிர்க்க வழி உண்டா, பேச்சு நிற்கும் இடங்களை மென்பொருளே கண்டறிந்து சொல்லுமா என்பவையே என் கேள்விகள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் என்னிடம் உள்ளன. கட்டளை வரியில் வேலை செய்யத் தயக்கமில்லை.

அலைவடிவம் எழுதியது:

வணக்கம். தங்கள் கேள்விக்குள் இரண்டு வேலைகள் சேர்ந்து கிடக்கின்றன. எங்கே வெட்டுவது என்று முடிவு செய்வது ஒன்று; வெட்டுவது மற்றொன்று. வெட்டுவது சில நொடிகளில் முடிந்துவிடும் எந்திர வேலை. மனித உழைப்பும் கவனமும் செல்வதெல்லாம் முதல் வேலைக்குத்தான். ஆகவே வெட்டுமிடங்களின் பட்டியலைத் தனியாக ஓர் எழுத்துக்கோப்பாகத் தயாரித்து, அதைப் பாதுகாத்து வையுங்கள் என்பதே நான் சொல்ல விரும்பும் முதன்மையான செய்தி. அந்தப் பட்டியல் கையில் இருந்தால், நாளை வேறு வடிவத்திலோ வேறு நீளத்திலோ பகுதிகள் தேவைப்படும்போது அதே கோப்பைக் கொண்டு மீண்டும் வெட்டிக்கொள்ளலாம். பட்டியல் இல்லாமல் துண்டுகள் மட்டும் இருந்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்து மணி நேரத்தையும் மறுபடி கேட்க வேண்டியதாகிவிடும்.

இனித் தரத்தைப் பற்றி. எம்பி3 என்பது ஒலியின் ஒரு பகுதியை நிரந்தரமாக உதறிவிட்டுச் சுருக்கும் முறை. அத்தகைய கோப்பைத் தொகுப்பு மென்பொருளில் திறந்து, வெட்டி, மீண்டும் எம்பி3 ஆகச் சேமித்தால், சுருக்கிய ஒலி விரிக்கப்பட்டு மறுபடியும் சுருக்கப்படுகிறது. இரண்டாம் முறை உதறப்படுவதும் திரும்ப வராது. 128 கிலோபிட் வீதத்தில் உள்ள பேச்சில் ஒரே ஒரு மறுகுறியாக்கத்தின் விளைவைப் பெரும்பாலானோர் காதால் உணர மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனாலும், தவிர்க்க எளிய வழி இருக்கும்போது அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளக் காரணம் ஏதுமில்லை.

எம்பி3 கோப்பு சிறுசிறு சட்டகங்களின் வரிசையாக அமைந்தது. ஒரு சட்டகத்தில் 1152 மாதிரிகள், அதாவது ஒலியலையின் தனித்தனி அளவீடுகள், அடங்கும். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வழக்கமான வீதத்தில் இது ஏறத்தாழ 26 மில்லிநொடி. ஒலியை விரிக்காமலேயே, இரண்டு சட்டகங்களுக்கு இடைப்பட்ட எல்லையில் கோப்பைப் பிரித்துவிட முடியும். விண்டோஸில் எம்பி3 டைரக்ட்கட், லினக்ஸிலும் விண்டோஸிலும் எம்பி3ஸ்பிளிட், எங்கும் இயங்கும் எஃப்எஃப்எம்பெக் ஆகியவை இப்படித்தான் வெட்டுகின்றன. எஃப்எஃப்எம்பெக்கில் குறிமுறை (கோடெக்) தேர்வுக்குக் ‘காப்பி’ என்ற மதிப்பைக் கொடுத்தால் அது ஒலியைத் தொடாமல் அப்படியே நகலெடுக்கும். அதன் ‘செக்மென்ட்’ வெளியீட்டு முறைக்கு வெட்டுநேரங்களின் பட்டியலைக் கொடுத்தால் எல்லாத் துண்டுகளையும் ஒரே ஓட்டத்தில் உருவாக்கிவிடும். நான்கு மணி நேரக் கோப்பாக இருந்தாலும், கோப்பை நகலெடுக்க ஆகும் நேரத்துக்கு மேல் பெரிதாக ஆவதில்லை.

இதில் ஒரு நுணுக்கத்தை மட்டும் கவனிக்க வேண்டும். எம்பி3 சட்டகங்கள் முழுவதும் தனித்தனியானவை அல்ல. ஒரு சட்டகத்துக்குரிய தரவின் ஒரு பகுதி அதற்கு முந்தைய சட்டகங்களில் மிஞ்சிய இடத்தில் வைக்கப்பட்டிருக்கலாம்; இப்படி அதிகபட்சம் 511 பைட் வரை பின்னோக்கிச் செல்ல இடமுண்டு. எனவே வெட்டிய துண்டின் முதல் சட்டகம், தனக்கு வேண்டிய தரவு முந்தைய துண்டோடு போய்விட்டதால், ஒலிக்காமல் போகலாம் அல்லது சிறு கீச்சொலி எழுப்பலாம். பேச்சு நின்றிருக்கும் இடத்தில் வெட்டினால் இது யார் காதிலும் விழாது. சொல்லின் நடுவில் வெட்டாதீர்கள் என்பதற்குப் பொருளின் தொடர்ச்சியைத் தவிர இப்படியொரு தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது.

கணினி திணறுவதற்கும் வட்டு நிரம்புவதற்கும் விளக்கம் எளிது. நான்கு மணி நேர எம்பி3 கோப்பு 128 கிலோபிட் வீதத்தில் சுமார் 230 மெகாபைட் இருக்கும். அலைவடிவத்தைக் காட்டித் திருத்த விடும் மென்பொருள்கள் பொதுவாக ஒலி முழுவதையும் விரித்து, ஒவ்வொரு மாதிரியையும் 32 பிட்டில் வைத்துக்கொள்கின்றன. ஸ்டீரியோவாக இருந்தால் அது மணிக்கு 1.27 ஜிகாபைட், நான்கு மணி நேரத்துக்கு 5 ஜிகாபைட்டைத் தாண்டும். அது மென்பொருளின் பழுதன்று, அதன் இயல்பு. வட்டில் இடம் இருக்குமானால் சற்றுப் பொறுத்திருந்து திறந்துகொள்ளலாம். இல்லையென்றால், குறிகள் இடுவதற்கு மட்டும் தாழ்ந்த மாதிரி வீதத்தில் ஒற்றைத்தட நகல் ஒன்றை உருவாக்கி அதைத் திறக்கலாம். நேரம் மாறாது என்பதால், நகலில் இட்ட குறிகள் மூலத்துக்கும் பொருந்தும்.

நான் பரிந்துரைக்கும் நடைமுறை இதுதான். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் கோப்பைத் திறந்து ஓடவிடுங்கள். கன்ட்ரோல், எம் ஆகிய இரு விசைகளையும் சேர்த்து அழுத்தினால், ஒலித்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஓர் அடையாளக்குறி விழும். அங்கேயே அந்தப் பகுதியின் தலைப்பைத் தட்டச்சு செய்துவிடலாம். கோப்பு முடிந்ததும் குறிகளை மட்டும் ஏற்றுமதி செய்யுங்கள். ஒவ்வொரு வரியிலும் தொடக்க நேரம், முடிவு நேரம், தலைப்பு ஆகிய மூன்றும் தத்தல் (டேப்) இடைவெளியால் பிரிக்கப்பட்ட ஓர் எழுத்துக்கோப்பு கிடைக்கும். எம்பி3ஸ்பிளிட் இந்தக் கோப்பை நேரடியாகப் படித்து, மூல எம்பி3 கோப்பை மறுகுறியாக்கம் இன்றி வெட்டித் தரும். ஆடாசிட்டியிலிருந்தே பல கோப்புகளாக ஏற்றுமதி செய்யும் வசதியும் உண்டு. அது எம்பி3 ஆகச் சேமிக்கும்போது கட்டாயம் மறுகுறியாக்கம் செய்யும் என்பதால், தங்கள் வேவ் கோப்புகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். வேவ் கோப்பில் சுருக்கம் எதுவும் இல்லாததால், எந்த மாதிரியில் வேண்டுமானாலும் இழப்பின்றி வெட்டலாம்.

வேவ் கோப்புகளைத் தொடுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். அந்த வடிவத்தில் கோப்பின் அளவைக் குறிக்கும் புலம் 32 பிட் என்பதால் 4 ஜிகாபைட்டுக்கு மேல் செல்ல முடியாது. குறுந்தட்டுத் தரத்தில் ஸ்டீரியோவாகப் பதிந்தால் இந்த வரம்பு ஆறே முக்கால் மணி நேரத்தில் வந்துவிடும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். அதனால் பதிவுக்கருவிகள் 2 அல்லது 4 ஜிகாபைட்டில் தாமாகவே புதிய கோப்பைத் தொடங்கிவிடுகின்றன. அந்த எல்லை பேச்சாளர் எந்தச் சொல்லில் இருக்கிறார் என்று பார்த்து வருவதில்லை. இப்படிப்பட்ட கோப்புகள் தங்களிடம் இருந்தால், அவற்றை முதலில் ஒன்றாக இணைத்துவிட்டு அதன் பிறகே பொருள் வாரியாகப் பிரிக்க வேண்டும்.

நாடாப்பெட்டி எழுதியது:

அலைவடிவம் அவர்கள் விளக்கியவற்றோடு எனக்கு மாறுபாடில்லை. ஆனால் கேட்பவர்களின் வசதி மட்டுமே நோக்கமாக இருந்தால், பிரிக்கத்தான் வேண்டுமா என்று ஒரு கணம் யோசிக்கலாம். ஒரே கோப்புக்குள் அத்தியாயக் குறிகளை இட்டுவிட்டால், கேட்பவர் தலைப்பைத் தொட்டு அந்த இடத்துக்குத் தாவ முடியும். விட்ட இடத்தைக் கருவி நினைவில் வைத்துக்கொள்ளும். இருபது கோப்புகளின் வரிசையைக் கட்டிக் காக்கும் தொல்லையும் இல்லை. ஒலிநூல்களுக்கு எம்4பி வடிவம் பரவியதற்கு இதுவே காரணம். எம்பி3 கோப்பிலும், தலைப்பு போன்ற விவரங்களைத் தாங்கும் ஐடி3 குறிச்சொற்களின் இரண்டாம் பதிப்பில் அத்தியாயங்களுக்கெனத் தனி இடம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. பாட்காஸ்ட் செயலிகள் பல அதைப் படிக்கின்றன.

இதற்கும் தேவையானது அதே வெட்டுநேரப் பட்டியல்தான். துண்டுகளும் வேண்டும், அத்தியாயங்களும் வேண்டும் என்றால் ஒரே பட்டியலிலிருந்து இரண்டையும் உருவாக்கலாம்.

தடங்கள் எங்கெங்கே தொடங்குகின்றன என்று குறிக்கும் எழுத்துக்கோப்பான க்யூ கோப்பைப் பயன்படுத்த எண்ணினால் அதன் மரபை அறிந்துகொள்ளுங்கள். அது குறுந்தட்டுக்காகப் பிறந்தது. நேரம் நிமிடம், நொடி, சட்டகம் என்று எழுதப்படும். ஒரு நொடிக்கு 75 சட்டகங்கள். இங்கே சட்டகம் என்பது எம்பி3 சட்டகத்திலிருந்து வேறானது. நூறில் ஒரு பங்கு நொடி என்று நினைத்து எழுதினால் நேரம் பிசகும். தடங்களின் எண்ணிக்கையும் 99ஐத் தாண்டாது.

செவிவழி எழுதியது:

இருவருக்கும் நன்றி. அத்தியாயக் குறிகள் என்ற யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் கேட்பவர்களில் பலர் நினைவட்டையைச் செருகிக் கேட்கும் எளிய இசைப்பான்களை வைத்திருக்கிறார்கள். அவை அத்தியாயங்களை அறியாதவை. எழுத்தாக்கும் வேலைக்கும் தனிக்கோப்புகளே தேவை. எனவே பிரித்தே ஆக வேண்டும்.

பேச்சு நிற்கும் இடங்களைத் தேட, எஃப்எஃப்எம்பெக்கில் உள்ள மௌனத்தைக் கண்டறியும் வடிப்பானை அதன் இயல்பான அமைப்பிலேயே ஓடவிட்டுப் பார்த்தேன். மூன்று மணி நேரப் பதிவில் ஒரு மௌனம்கூட இல்லை என்கிறது. காதால் கேட்டால் பேச்சாளர் நிறுத்தும் இடங்கள் தெளிவாகத் தெரிகின்றன. பின்னணியில் மின்விசிறியின் இரைச்சல் தொடர்ந்து இருக்கிறது, அதுதான் காரணமா? இன்னொன்று: ஒரே கோப்பில் ஓர் இடத்தின் நேரத்தை ஒரு இசைப்பான் ஒன்றாகவும் வேறொரு இசைப்பான் வேறாகவும் காட்டுகிறது. எதை நம்புவது?

அலைவடிவம் எழுதியது:

காரணம் மின்விசிறிதான், வடிப்பானின் இயல்பு அமைப்பும் அதற்குத் துணை போகிறது. எஃப்எஃப்எம்பெக்கின் மௌனம் கண்டறியும் வடிப்பான், வேறெதுவும் சொல்லாவிட்டால், ஒலியளவு மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே குறைந்தபட்சம் 2 நொடி இருந்தால்தான் அதை மௌனம் என்று கொள்ளும். ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுத்த பதிவுக்கு அது பொருந்தலாம். மின்விசிறி ஓடும் அறையில், யாரும் பேசாத நேரத்திலும் ஒலியளவு மைனஸ் 45, மைனஸ் 40 என்றுதான் நிற்கும். ஆகவே மௌனம் என்பதற்குத் தங்கள் பதிவுக்கேற்ற வரையறையைத் தாங்களே தர வேண்டும். யாரும் பேசாத சில நொடிகளைத் தேர்ந்தெடுத்து, அந்த இடத்தின் ஒலியளவைப் பாருங்கள். அதைவிட ஐந்தாறு டெசிபல் உயர்வாக வரம்பை வையுங்கள். கால அளவை 2 நொடியிலிருந்து ஒரு நொடிக்கு, தேவையானால் அதற்கும் கீழே, குறைத்துப் பாருங்கள். பேச்சாளருக்குப் பேச்சாளர் நிறுத்தும் வழக்கம் மாறுபடுவதால், ஒருவருக்குப் பொருந்திய எண் மற்றவருக்குப் பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது.

இரைச்சல் பேச்சுக்கு நெருக்கமான அளவில் இருந்தால் வரம்பை எவ்வளவு மாற்றினாலும் பலன் கிட்டாது. அப்போது கண்டறிவதற்கென்று மட்டும் ஒலியை வடிகட்டுங்கள். மின்விசிறி, மின்கம்பி ஆகியவற்றின் உறுமல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் குவிந்திருக்கும். 150 அல்லது 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை நீக்கும் வடிப்பானை முன்னால் வைத்து, அதன் பின்னால் மௌன வடிப்பானை வைத்தால், பேச்சுக்கும் இடைவெளிக்கும் உள்ள வேறுபாடு நன்றாகத் துலங்கும். இத்தனை வடிகட்டினால் ஆண்குரல் மெலிந்து கேட்குமே என்று கவலைப்பட வேண்டாம். இங்கே நமக்குத் தேவை நேரங்கள் மட்டுமே. அந்த நேரங்களைக் கொண்டு, வடிகட்டப்படாத மூலத்தைத்தான் வெட்டப்போகிறோம்.

இதிலும் ஓர் எச்சரிக்கை. மௌனம் கண்ட இடமெல்லாம் வெட்டுமிடம் ஆகாது. மூன்று மணி நேரப் பேச்சில் ஒரு நொடி நிறுத்தங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். மூச்சு வாங்க, தண்ணீர் குடிக்க, தாளைப் புரட்ட, சபை சிரித்து ஓய என்று ஒவ்வொன்றுக்கும் நிறுத்துவார்கள். தலைப்பு எங்கே மாறுகிறது என்பதை மென்பொருளின் மௌனக் கணக்கு அறியாது. மனிதர் தோராயமாகக் குறித்த நேரத்துக்கு மிக அருகில் உள்ள மௌனத்தைத் தேடிக் கொடுப்பதுதான் அதற்கு ஏற்ற வேலை. எம்பி3ஸ்பிளிட் இதைத் தானாகவே செய்யும்: தாங்கள் கொடுத்த வெட்டுநேரத்தைச் சுற்றிக் குறிப்பிட்ட தொலைவுக்குள் மௌனத்தைத் தேடி, வெட்டுமிடத்தை அங்கே நகர்த்திக்கொள்ளும் அமைப்பு அதில் உண்டு. ஆகவே குறியிடும்போது நொடி பிசகாமல் இட வேண்டும் என்ற பதற்றம் தேவையில்லை. உரையைச் சற்று வேகமாக ஓடவிட்டுக் கேட்டபடியே குறித்துக்கொண்டு போகலாம்.

நேரம் மாறிக் காட்டுவது பற்றி: அந்தக் கோப்பு மாறும் பிட் வீதத்தில் குறியாக்கப்பட்டதா என்று பாருங்கள். நிலையான 128 கிலோபிட் என்றால் ஒரு நொடிக்கு 16,000 பைட். எந்த நேரம் கோப்பின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை ஒரு வகுத்தலில் கண்டுகொள்ளலாம். மாறும் வீதத்தில் அது முடியாது. அதற்காகக் கோப்பின் தொடக்கத்தில் ஓர் அட்டவணை வைக்கப்படுகிறது. அதில் இருப்பவை 100 புள்ளிகள் மட்டுமே. நான்கு நிமிடப் பாடலுக்கு இது தாராளம். ஐந்து மணி நேர உரைக்கோ, மூன்று நிமிடத்துக்கு ஒரு புள்ளி என்று ஆகிவிடுகிறது. இடையில் உள்ளதை இசைப்பான் ஊகித்துக்கொள்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக ஊகிக்கும். அட்டவணையே இல்லாத கோப்பு என்றால் ஊகம் இன்னும் தாறுமாறாகப் போகும்.

எனவே இசைப்பானில் தாவிச் சென்று பார்த்த நேரத்தை வெட்டுவதற்குப் பயன்படுத்தாதீர்கள். ஒலி முழுவதையும் விரித்துக் காட்டும் தொகுப்பு மென்பொருளில் தெரியும் நேரமே சரியானது. வெட்டும்போதும், எம்பி3ஸ்பிளிட்டில் சட்டகங்களை ஒவ்வொன்றாக எண்ணிச் செல்லும் முறையைத் தேர்ந்தெடுங்கள். சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும், ஆனால் இடம் தவறாது.

படியெழுத்தர் எழுதியது:

எழுத்தாக்கத்துக்காகப் பிரிப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் கேட்பதற்காகப் பிரிப்பதும் இதுவும் ஒரே துண்டுகளால் நிறைவேறும் என்று நினைப்பது பிற்பாடு தொல்லை தரும். கேட்பவருக்குத் தலைப்பு வாரியான பகுதிகள் வேண்டும். ஒன்று எட்டு நிமிடமாகவும் இன்னொன்று நாற்பது நிமிடமாகவும் இருந்தால் அவருக்கு நட்டமில்லை. எழுத்தாக்குபவர்களுக்கு வேலை ஏறக்குறைய சமமாகப் பங்கிடப்பட வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுதப் பழகியவருக்கே நான்கு மணி நேரம் ஆகலாம் என்னும்போது, பதினைந்து நிமிடத் துண்டு ஒரே அமர்வில் முடிக்கக்கூடிய அளவு என்பது என் கருத்து.

அதோடு, அடுத்தடுத்த துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படிந்திருக்க வேண்டும். முதல் துண்டின் கடைசிப் பத்து நொடி இரண்டாம் துண்டின் தொடக்கத்திலும் இருக்கட்டும். துண்டின் முதல் வாக்கியத்தை எழுதுபவருக்கு முன்பு என்ன பேசப்பட்டது என்ற சூழல் இல்லாததால், பிழைகள் அதிகம் நேர்வது அந்த இடத்தில்தான். படிந்த பகுதியை இருவருமே எழுதியிருந்தால், தொகுப்பவர் இரண்டையும் ஒப்பிட்டுச் சரியானதை வைத்துக்கொள்ளலாம். எங்கே ஒட்டுவது என்பதும் உடனே புலப்படும். எம்பி3ஸ்பிளிட்டில் ஒவ்வொரு துண்டின் முடிவையும் குறிப்பிட்ட நேரம் நீட்டிக்கும் விருப்பத்தேர்வு இருக்கிறது. இதற்கு அது போதும்.

கோப்பின் பெயரிலேயே மூலப்பதிவில் அந்தத் துண்டு தொடங்கும் நேரத்தைச் சேர்த்துவிடுங்கள். மூன்றாம் உரை, நான்காம் துண்டு, 0 மணி 45 நிமிடம் 12 நொடி என்ற விவரங்கள் பெயரில் இருந்தால், ‘துண்டின் 6ஆம் நிமிடத்தில் சொல் விளங்கவில்லை’ என்று ஒருவர் குறிக்கும்போது, மூலத்தில் அது 51ஆம் நிமிடம் என்று கூட்டிப் பார்த்துவிடலாம். வேலை முடிந்து ஓராண்டுக்குப் பிறகு மேற்கோளைச் சரிபார்க்க வேண்டி வந்தாலும் இதுவே கைகொடுக்கும்.

முதல் வரைவை மென்பொருளே தயாரிக்கட்டும் என்று எண்ணினால், துண்டுகளின் அளவைத் தீர்மானிப்பது வேறு கணக்கு. 2022இல் வெளியான விஸ்பர் போன்ற, பேச்சை எழுத்தாக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் ஒலியை 30 நொடிச் சாளரங்களாகவே எடுத்துக்கொள்கின்றன. எனவே கோப்பின் நீளம் மாதிரிக்கு ஒரு பொருட்டன்று. வரம்பு இணையச் சேவையிலிருந்து வருகிறது. ஓப்பன்ஏஐயின் எழுத்தாக்கச் சேவை கோப்பு ஒன்றுக்கு 25 மெகாபைட் என்று வரம்பு வைத்திருக்கிறது. 128 கிலோபிட் வீதத்தில் அது ஏறத்தாழ 26 நிமிடம். 64 கிலோபிட் ஒற்றைத்தடம் என்றால் 50 நிமிடத்துக்குச் சற்று மேல். இதற்கென்று தனி நகல் எடுப்பதில் மறுகுறியாக்கத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, ஏனென்றால் அந்த நகல் யாருடைய காதுக்கும் போவதில்லை.

இத்தகைய மாதிரிகளோடு வேலை செய்யும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். மொழியைத் தாங்கள் குறிப்பிடாவிட்டால், விஸ்பர் முதல் 30 நொடியைக் கொண்டு மொழியை ஊகிக்கும். துண்டு கைதட்டலோடோ இசையோடோ தொடங்கினால் ஊகம் பிழைத்து, துண்டு முழுவதும் வேறு மொழியில் வரக்கூடும். மொழியைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். நீண்ட மௌனங்களில் பேசாத வாக்கியங்களை அது தானாக இட்டு நிரப்புவதும் உண்டு. இடைவேளை நேரத்தின் வெற்றுப் பதிவைத் துண்டுகளிலிருந்து நீக்கிவிடுவது நல்லது.

செவிவழி எழுதியது:

கேட்பதற்கு ஒரு பட்டியல், எழுத்தாக்கத்துக்கு ஒரு பட்டியல் என்று இரண்டாக வைத்துக்கொள்வது என முடிவு செய்திருக்கிறேன். தாழ் அதிர்வெண்களை நீக்கிவிட்டு மௌனத்தைத் தேடியதில் இடைவெளிகள் நன்றாகவே அகப்படுகின்றன. வரம்பை மைனஸ் 38 டெசிபலில் வைத்திருக்கிறேன்.

வெட்டிய துண்டுகளை நினைவட்டையில் இட்டு எளிய இசைப்பானில் ஓட்டினால் வரிசை மாறி ஒலிக்கிறது. கணினியில் பெயர் வரிசை சரியாகவே தெரிகிறது. திரையில் எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே தலைப்பு வேறு காட்டுகிறது. இவற்றுக்கு என்ன செய்யலாம்?

நாடாப்பெட்டி எழுதியது:

வரிசைக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். துண்டுகளுக்கு 1, 2, 10 என்று எண் இட்டிருந்தால், எழுத்து வரிசைப்படி 10 என்பது 2க்கு முன்னால் வந்துவிடும். 001, 002 என்று முன்சுழியோடு எண்ணிடுங்கள். கணினியின் கோப்பு மேலாளர் எண் மதிப்பைப் புரிந்துகொண்டு அடுக்குவதால் அங்கே இந்தக் குறை தெரியாது. முன்சுழி இட்ட பிறகும் மாறினால், அந்த இசைப்பான் பெயரையே பார்க்காமல், நினைவட்டையின் கோப்பு அட்டவணையில் எது முதலில் பதிவாகியிருக்கிறதோ அந்த முறையில் ஓட்டுகிறது என்று கொள்ளலாம். மலிவான கருவிகள் பல இப்படித்தான். அட்டையை வெறுமையாக்கிவிட்டு, கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசை முறையில் நகலெடுங்கள். லினக்ஸில் ஃபேட்சார்ட் என்ற சிறு கருவி, ஏற்கெனவே உள்ள அட்டவணையையே பெயர்வாரியாக அடுக்கித் தரும். அட்டையைக் கணினியிலிருந்து ஏற்றநீக்கம் (அன்மவுண்ட்) செய்த பிறகே அதை இயக்க வேண்டும்.

அலைவடிவம் எழுதியது:

தலைப்பைப் பொறுத்தவரை, நகலெடுத்து வெட்டும்போது மூலக்கோப்பின் குறிச்சொற்களும் அப்படியே ஒவ்வொரு துண்டுக்கும் செல்கின்றன. எம்பி3ஸ்பிளிட்டுக்குக் குறிக்கோப்பைக் கொடுத்து வெட்டினால், குறிகளில் தாங்கள் எழுதிய தலைப்புகளிலிருந்தே கோப்புப் பெயரையும் குறிச்சொல்லையும் அமைக்கச் சொல்லலாம். வேறு வழியில் வெட்டியிருந்தால், குறிச்சொல் திருத்தி ஒன்றில் எல்லாத் துண்டுகளையும் ஒருசேரத் திறந்து, கோப்புப் பெயரைத் தலைப்பாக மாற்றும் வசதியைப் பயன்படுத்துங்கள். தடத்தின் எண்ணையும் நிரப்பிவிடுங்கள்; சில கருவிகள் அதைக் கொண்டே வரிசைப்படுத்துகின்றன.

தமிழ்த் தலைப்புகள் கட்டங்களாகத் தெரிந்தால், குறிச்சொல்லின் பதிப்பைப் பாருங்கள். ஐடி3 முதல் பதிப்பில் தலைப்புக்கு 30 பைட்டுதான் இடம். யுனிகோடுக்கு அதில் வகையும் இல்லை. 2.3 பதிப்பில் யுடிஎஃப்-16 குறியாக்கத்தில் சேமிப்பதே பழைய கருவிகளுக்கும் புதியவற்றுக்கும் பொதுவாகப் பொருந்துகிறது. கருவியில் தமிழ் எழுத்துருவே இல்லை என்றால் குறிச்சொல்லால் ஆவது ஒன்றுமில்லை. அவர்களுக்குக் கோப்புப் பெயரில் எண்ணை மட்டும் வைத்து, எண்ணும் தலைப்பும் கொண்ட பட்டியலை அச்சிட்டுக் கொடுத்துவிடுங்கள்.